பழைய கடனுக்கு திடீர்னு கோர்ட் டிகிரியா? பேப்பர் கைக்கு வந்த நாள்ல இருந்து செய்ய வேண்டியது

தன் மேல ஒரு கேஸ் நடந்து டிகிரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்ற கோர்ட் தீர்ப்பும், ஆகி முடிஞ்சிருக்குன்னு நிறைய பேருக்குத் தெரிய வர்றதே கோர்ட் அமீனா வாசல்ல வந்து நிக்கும்போதுதான், இல்லன்னா ஆபீஸ்ல கூப்பிட்டு உங்க சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லி ஆர்டர் வந்திருக்குன்னு சொல்லும்போதுதான். எங்க அப்பாவுக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. கூட வேலை பார்த்தவர் ஒருத்தருக்கு ஃபைனான்ஸ்ல ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தார், அவர் பாதியில கட்டாம விட்டுட்டார், அதுக்குள்ள நாங்க வீடு மாறிட்டோம், சம்மன் எல்லாம் பழைய அட்ரஸுக்கே போய் திரும்பியிருக்கு, கடைசியில பேப்பர்ல விளம்பரம் கொடுத்து கேஸை முடிச்சுட்டாங்க. ஆர்டரைப் பார்த்த பதட்டத்துல நாங்க கோர்ட் பக்கமே போகாம அந்தக் கடன் வாங்கினவரைத் தேடி அலைஞ்சோம். 16 நாள் அதுலயே போச்சு. சட்டம் கொடுக்கறதே 30 நாள்தான்னு அப்புறம் வக்கீல் சொல்லித்தான் தெரியும். இன்னொரு குடும்பம் அந்த நாட்களை அப்படி வீணாக்கக் கூடாதுன்னுதான் இதை உட்கார்ந்து எழுதறேன். இது இந்தியாவுல சிவில் கோர்ட்ல நடக்கற பணக் கேஸுக்கானது, செக் பவுன்ஸ் கேஸ் கிரிமினல் கோர்ட் சமாச்சாரம், அதோட வழி வேற.

முதல்ல: வந்தது நிஜமான கோர்ட் பேப்பர்தானா?

இப்போ லோன் வசூல் ஆளுங்க வாட்ஸ்அப்ல கோர்ட் முத்திரை மாதிரி ஒண்ணு போட்டு "ஃபைனல் வாரண்ட்"னு அனுப்பறாங்க. அதைப் பார்த்து பயந்து பணம் அனுப்பிடாதீங்க. நிஜமான பேப்பர்ல எந்த கோர்ட், எந்த ஊர், கேஸ் நம்பர், வருஷம், ரெண்டு தரப்பு பேர் எல்லாம் இருக்கும். பணம் கேட்டு முதல்ல போடற கேஸ், அதாவது ஒரிஜினல் சூட்னா ஓ.எஸ்., டிகிரியை நிறைவேத்தச் சொல்லி போடற மனுன்னா இ.பி. அந்த நம்பரை ஈகோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப்லயோ வெப்சைட்லயோ போட்டுப் பாருங்க, காசு எதுவும் கேட்காது. ஒவ்வொரு கேஸுக்கும் சி.என்.ஆர்.னு 16 இலக்கத்துல ஒரு நம்பர் உண்டு, அது தெரிஞ்சா இன்னும் சுலபம். நம்பரே தெரியலன்னா மாவட்டமும் கோர்ட்டும் செலக்ட் பண்ணி பேர் வெச்சும் தேடலாம், ஆனா ஸ்பெல்லிங் அவங்க எப்படி அடிச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாது, இனிஷியல் முன்னாடி பின்னாடி மாத்தி நாலஞ்சு விதமா போட்டுப் பாருங்க. ஆன்லைன்ல வரலன்னா உடனே பொய்யுன்னு முடிவு பண்ணிடாம அந்த கோர்ட் ஆபீஸுக்கு நேர்ல போய் நம்பரைக் காட்டி கேளுங்க.

அமீனா நேர்ல வந்தா பேப்பரை வாங்கிக்கோங்க. வாங்காம கதவைச் சாத்தறது, வீட்ல இல்லன்னு சொல்லச் சொல்றது, இதெல்லாம் நம்ம தலையிலயே விடியும், ஏன்னா வாங்க மறுத்தாலும் கதவுல ஒட்டிட்டு சேர்த்தாச்சுன்னு ரிப்போர்ட் போட சட்டத்துல இடம் இருக்கு. வாங்கின தேதியை அந்தப் பேப்பர்லயே ஓரத்துல எழுதி வைங்க, தபால் கவர் இருந்தா தூக்கிப் போடாதீங்க. அந்தத் தேதிதான் பின்னாடி உங்களைக் காப்பாத்தப் போகுது.

கேஸ் எந்தக் கட்டத்துல இருக்கு?

இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. ஆன்லைன்ல "செட் எக்ஸ்பார்ட்டி"ன்னு போட்டிருந்தா அதுக்கு அர்த்தம் நீங்க வரலன்னு குறிச்சிருக்காங்க, தீர்ப்பு இன்னும் ஆகலன்னு. அப்படின்னா அடுத்த வாய்தாவுக்கு முன்னாடி வக்கீல் வெச்சு சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 7ல மனு போட்டு ஏன் வர முடியலன்னு சொல்லி உள்ள வந்துடலாம், வேலை ரொம்பச் சின்னது. "எக்ஸ்பார்ட்டி டிகிரி"ன்னு இருந்தா தீர்ப்பே முடிஞ்சுது, அதுக்குத்தான் கீழ சொல்ற பெரிய வழி.

இன்னொண்ணும் பாருங்க, தீர்ப்பு கொடுத்தது கோர்ட்தானா? ஃபைனான்ஸ் கம்பெனி லோன்ல நிறைய விஷயம் கோர்ட்டுக்கே வராது, லோன் அக்ரிமெண்ட்ல இருக்கற ஒரு ஷரத்தை வெச்சு ஆர்பிட்ரேட்டர், அதாவது கோர்ட்டுக்கு வெளிய தீர்ப்பு சொல்ற நடுவர் ஒருத்தர், அவார்டுன்னு சொல்ற தீர்ப்பைக் கொடுத்திருப்பார், அதை கோர்ட் டிகிரி மாதிரியே இ.பி. போட்டு வசூல் பண்ணலாம். அதை எதிர்க்கறது ஆர்பிட்ரேஷன் சட்டம் 34வது பிரிவுல, கையெழுத்து போட்ட அவார்டு காப்பி உங்களுக்குக் கிடைச்சதுல இருந்து 3 மாசம், தக்க காரணம் இருந்தா மேல 30 நாள், அதுக்கு அப்புறம் ஒரு நாள் கூட கிடையாது. அந்த ஆர்பிட்ரேட்டரை கம்பெனியே தன்னிச்சையா நியமிச்சிருந்தா அதுவே பெரிய பாயிண்ட், 2019ல சுப்ரீம் கோர்ட் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் கேஸ்ல அப்படி ஒரு தரப்பு மட்டும் நியமிக்கறது செல்லாதுன்னு சொல்லியிருக்கு. பேங்க் கடன் 20 லட்சமும் அதுக்கு மேலயும்னா கடன் வசூல் தீர்ப்பாயம், அதாவது டி.ஆர்.டி. அதுக்குத் தனி நடைமுறை, அதுல பழக்கமான வக்கீலைத்தான் பார்க்கணும்.

கேஸ் கட்டைப் பார்க்காம எதையும் முடிவு பண்ணாதீங்க

அமீனா கொடுக்கற பேப்பர்ல தொகை மட்டும்தான் இருக்கும், கதை இருக்காது. கதை கேஸ் கட்டுல இருக்கு. வக்கீல் மூலமா கட்டைப் பார்க்க மனு போடுங்க, அதே நாள்லயே நகல் மனுவும் போடுங்க, பிராது (அவங்க கேஸ் போட்ட மனு), தீர்ப்பு, டிகிரி, கூட தாக்கல் பண்ணின புரோநோட்டு இல்லன்னா லோன் அக்ரிமெண்ட், அப்புறம் சம்மன் சேர்த்த ரிப்போர்ட். இந்தக் கடைசி ஒண்ணை நிறைய பேர் கேட்கறதே இல்ல, ஆனா உங்க மொத்தக் கேஸும் அதுமேலதான் நிக்குது. எந்த அட்ரஸுக்கு அனுப்பினாங்க, ரெஜிஸ்டர் தபால் என்ன குறிப்போட திரும்புச்சு, யார் கையெழுத்து போட்டு வாங்கினாங்க, பேப்பர்ல விளம்பரம்னா எந்தப் பேப்பர், எந்தத் தேதி, எல்லாம் அதுல இருக்கும். எங்க கட்டுல நாங்க காலி பண்ணி ரெண்டு வருஷம் ஆன வீட்டு அட்ரஸ்ல "கதவு பூட்டியிருந்தது"ன்னு எழுதியிருந்துச்சு. நாங்க மாறினதுக்கு ஆதாரமா புது வீட்டு வாடகை ஒப்பந்தமும் சமையல் கேஸ் கனெக்‌ஷன் மாத்தின ரசீதும் இருந்துச்சு, அந்த ரெண்டு காகிதமும் நூறு வார்த்தை பேசினதுக்கு சமம்.

கடன் நீங்க வாங்கினதே இல்லன்னா, யாரோ உங்க ஆதாரையும் பேன் கார்டையும் வெச்சு எடுத்திருந்தா, கையெழுத்தைப் பார்த்த உடனே தெரிஞ்சுடும். உடனே போலீஸ்ல புகார் கொடுத்து ரசீது வாங்குங்க, கிரெடிட் ரிப்போர்ட்டும் எடுங்க, வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு.

30 நாள் எப்போ ஆரம்பிக்குது

எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்து பண்ணச் சொல்லி மனு போட லிமிடேஷன் சட்டம் 1963ல ஆர்ட்டிக்கிள் 123 கொடுக்கறது 30 நாள். சம்மன் முறையா சேர்ந்திருந்தா டிகிரி தேதியில இருந்து எண்ணணும். முறையா சேரலன்னா டிகிரி இருக்குன்னு உங்களுக்குத் தெரிய வந்த நாள்ல இருந்து. அதனாலதான் அந்த தேதியை எழுதி வைக்கச் சொன்னேன். இதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா, பேப்பர் விளம்பரம் மாதிரி மாற்று வழியில சம்மன் சேர்த்திருந்தா இந்த 30 நாள் கணக்குக்கு அதை முறையான சேர்ப்பா எடுத்துக்கக் கூடாதுன்னு அந்த ஆர்ட்டிக்கிள்லயே விளக்கமா போட்டிருக்கு. எங்க அப்பா கேஸ்ல எங்களைத் தூக்கி நிறுத்தினது இந்த ஒரு வரிதான். டிகிரி ஆகி மூணு வருஷம் ஆகியிருந்தாலும் எங்களுக்கு கணக்கு சம்பள ஆர்டர் வந்த நாள்ல இருந்துதான்.

30 நாள் தாண்டிடுச்சுன்னா கதை முடிஞ்சுதுன்னு இல்ல, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி 5வது பிரிவுல தனியா ஒரு மனு சேர்த்துப் போடணும், டிலே கண்டோன் பெட்டிஷன்னு சொல்வாங்க. அதுல ஒவ்வொரு கட்டத்துக்கும் காரணம் சொல்லணும், ஆஸ்பத்திரி சீட்டு, வெளியூர் வேலை ஆர்டர், என்ன இருக்கோ அதை வெச்சு. எந்தத் தேதியில தெரிய வந்துச்சுன்றதுல மட்டும் பொய் சொல்லாதீங்க. எதிர்த்தரப்பு நீங்க வாங்கின ரெஜிஸ்டர் தபால் அட்டையையோ போன வருஷம் நீங்க அவங்களுக்கு அனுப்பின மெசேஜையோ எடுத்து நீட்டினா மொத்த மனுவும் படுத்துடும்.

மனுவுல என்ன இருக்கணும்

சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 13. டிகிரி கொடுத்த அதே கோர்ட்லதான் போடணும். காரணம் ரெண்டே ரெண்டுதான் செல்லும்: சம்மன் முறையா சேரல, இல்லன்னா சேர்ந்தும் வர முடியாதபடி தக்க காரணம் இருந்துச்சு. இதுல ஒண்ணையாவது நிரூபிக்கணும். சம்மன்ல சின்னக் குறை இருந்துச்சு ஆனா உங்களுக்கு விசாரணை தேதி தெரிஞ்சு வர நேரமும் இருந்துச்சுன்னு கோர்ட் நினைச்சா ரத்து பண்ணாது, அதனால "பேர்ல ஒரு எழுத்து தப்பு"ன்ற மாதிரி வாதத்தை மட்டும் நம்பி போகாதீங்க.

அஃபிடவிட்ல தேதி வரிசையா எழுதுங்க, எப்போ வீடு மாறினீங்க, எப்போ பேப்பர் கிடைச்சுது, என்னிக்கு கட்டைப் பார்த்தீங்கன்னு. கூடவே கேஸுக்கு நீங்க கொடுக்கப் போற பதில் மனுவையும் ரெடி பண்ணி வெச்சுடுங்க, ஏன்னா ரத்து ஆனா கடன் தள்ளுபடின்னு அர்த்தம் இல்ல, கேஸ் முதல்ல இருந்து நடக்கும், அவ்வளவுதான். உங்ககிட்ட சொல்றதுக்கு ஒரு நியாயமான பதில் இருக்குன்னு நீதிபதிக்குத் தெரிஞ்சா நல்லது. செலவுத்தொகை கட்டுன்னோ, டிகிரி பணத்துல ஒரு பகுதியை கோர்ட்ல கட்டுன்னோ நிபந்தனை போட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு, அந்தக் கெடு தேதியைத் தவற விட்டா மனு தள்ளுபடி ஆயிடும். அதனால வக்கீலைப் பார்க்கப் போறப்பவே கையில எவ்வளவு புரட்ட முடியும்னு ஒரு கணக்கோட போங்க.

ரொம்ப முக்கியமானது, ரத்து மனு போட்ட உடனே ஜப்தி தானா நின்னுடாது. ஸ்டே கேட்டு தனி மனு போடணும், இ.பி. நடக்கற கோர்ட்லயும் ஆஜராகி கவுண்டர், அதாவது பதில் மனு, தாக்கல் பண்ணணும். ரத்து மனு நிலுவைல இருக்குன்னு நம்பி இ.பி. வாய்தாவுக்குப் போகாம விட்டா அங்க இன்னொரு எக்ஸ்பார்ட்டி ஆகும். ரத்து மனுவைத் தள்ளுபடி பண்ணினா அதுக்கு மேல அப்பீல் இருக்கு. டிகிரி மேலயே நேரா அப்பீல் போகவும் முடியும், ஆனா அந்த அப்பீல் ஒருமுறை தீர்ப்பாயிடுச்சுன்னா அப்புறம் ரத்து மனு போட முடியாது, எது முதல்லன்னு வக்கீல்கிட்ட கேட்டுட்டு இறங்குங்க. ஆர்டர் 37 சம்மரி சூட்னு, அதாவது சுருக்க விசாரணை கேஸ்னு இருந்தா இன்னும் கடுமை, அதுல ஆஜராகவே 10 நாள்தான், ரத்து கேட்க விசேஷ காரணம் காட்டணும்.

கடன் காலாவதி ஆகியிருந்தா?

சாதாரண பணக் கடனுக்கு கேஸ் போட காலக்கெடு 3 வருஷம், கேட்டதும் தரணும்ன்ற புரோநோட்டுக்கு அது எழுதின தேதியில இருந்து, தவணைக் கடன்னா தவணை விழுந்த தேதியில இருந்து. இடையில நீங்க கடன் பாக்கின்னு எழுதிக் கையெழுத்து போட்டிருந்தாலோ கொஞ்சம் பணம் கட்டி அதுக்கு உங்க கைப்பட ரசீதோ குறிப்போ இருந்தாலோ அந்த நாள்ல இருந்து 3 வருஷம் புதுசா ஓடும், அது பழைய 3 வருஷம் முடியறதுக்குள்ள நடந்திருக்கணும். வீட்டுப் பத்திரம் அடமானம் வெச்ச கடன்னா 12 வருஷம்.

கேஸ் போட்ட தேதியையும் கடைசியா பணம் கட்டின தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. காலாவதியான கேஸை யாரும் கேட்கலன்னாலும் கோர்ட்டே தள்ளுபடி பண்ணணும்னு லிமிடேஷன் சட்டம் 3வது பிரிவு சொல்லுது, இருந்தாலும் எதிர்ல ஆள் இல்லாதப்போ அது கவனிக்காம போறது உண்டு. ஆனா இந்தப் பாயிண்ட்டை இ.பி.ல போய் எழுப்பினா நிக்காது, நிறைவேத்தற கோர்ட் டிகிரிக்குப் பின்னாடி போய் அது சரியா தப்பான்னு பார்க்காது. டிகிரியை ரத்து பண்ணினாத்தான் அந்த வாதத்துக்கு உயிர் வரும். ஆனா கேஸ் போடறதுக்கு முன்னாடியே இறந்து போனவர் மேல வாங்கின டிகிரின்னா அது செல்லாத டிகிரி, அதை இ.பி.லயே எதிர்க்கலாம்.

ரெண்டு கணக்கையும் போட்டுக் குழப்பிக்காதீங்க: கேஸ் போடத்தான் 3 வருஷம், டிகிரி வாங்கிட்டா அதை நிறைவேத்த 12 வருஷம். "ஆறு வருஷம் ஆச்சு, இனி ஒண்ணும் பண்ண மாட்டாங்க"ன்னு இருக்கறது ஆபத்து, வட்டியும் அதுவரைக்கும் ஏறிட்டே இருக்கும்.

இந்த நேரத்துல எதிர்த்தரப்பு ஆள் வந்து "இதுல ஒரு கையெழுத்து போடுங்க, டைம் வாங்கித் தர்றேன்"னு சொன்னா போடாதீங்க. காலாவதியான கடனைக்கூட திருப்பித் தர்றேன்னு எழுதிக் கையெழுத்து போட்டா அது புது ஒப்பந்தமாவே செல்லும்னு ஒப்பந்தச் சட்டம் 25வது பிரிவுல இருக்கு. வக்கீல் படிக்காத பேப்பர்ல பேனாவே படக் கூடாது.

கடன் நிஜம், கட்டவும் வேண்டியதுதான்னா

அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல, சண்டை போடாம பேசி முடிக்கறது சில நேரம் செலவு குறைச்சலும்கூட. டிகிரிக்கு அப்புறமும் தவணையில கட்ட கோர்ட்ல கேட்கலாம், ஆனா அதுக்கு டிகிரி வாங்கினவர் சம்மதம் வேணும். அதனால முதல்ல வட்டியில எவ்வளவு விடுவாங்கன்னு வக்கீல் மூலமா பேசுங்க. லோக் அதாலத்துக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கலாம், அங்க ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா அதுக்கு அப்பீல் கிடையாது, அதனால மாசம் கட்டவே முடியாத தவணைக்கு அவசரத்துல தலையாட்டாதீங்க.

பணத்தை எப்படிக் கொடுக்கறீங்கன்றதுல உயிரே இருக்கு. கோர்ட்ல கட்டறது, இல்லன்னா பேங்க் வழியா, கேஸ் நம்பர் தெரியற மாதிரி. அமீனாகிட்டயோ வசூல் ஏஜெண்ட்கிட்டயோ ரொக்கமா கொடுத்துட்டு நம்பிப் போகாதீங்க. கோர்ட்டுக்கு வெளிய கட்டின பணத்தை கோர்ட்ல பதிவு பண்ணலன்னா நிறைவேத்தற கோர்ட் அதைக் கட்டினதாவே எடுத்துக்காதுன்னு ஆர்டர் 21 ரூல் 2 சொல்லுது, நீங்க பதிவு பண்ணச் சொல்லி மனு போடவும் 30 நாள்தான், எழுத்துல ஆதாரமும் வேணும். நேர்மையா முழுசா கட்டிட்டு ரசீது இல்லாம மறுபடியும் கட்ட வேண்டிய நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

ஜாமீன் போட்டவங்களுக்கு ஒரு வார்த்தை: "முதல்ல அவர்கிட்ட கேளுங்க"ன்னு சட்டப்படி சொல்ல முடியாது, கடன் வாங்கினவருக்கு இருக்கற அதே பொறுப்பு உங்களுக்கும் உண்டு. ஆனா நீங்க கட்டினா அந்தத் தொகையை அவர்கிட்ட வசூல் பண்ண உங்களுக்கு உரிமை வந்துடும், அதுக்கும் நீங்க கட்டின பேப்பர்தான் ஆதாரம்.

ஜப்தி, ஜெயில்னு பயமுறுத்தினா

சம்பளத்துல முதல் 1,000 ரூபாயும் மீதியில மூணுல ரெண்டு பங்கும் தொடக் கூடாது, பாக்கி மூணுல ஒரு பங்கைத்தான் பிடிக்கலாம், ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாசத்துக்கு மேல சம்பளத்துல பிடிக்க முடியாது. பி.எஃப். பணம், அரசாங்க பென்ஷன், கட்டற துணி, சமையல் பாத்திரம், கைத்தொழில் பண்றவங்களோட கருவி, விவசாயி தானே குடியிருக்கற வீடு இதெல்லாம் ஜப்தி பண்ண முடியாததுன்னு சிவில் நடைமுறைச் சட்டம் 60வது பிரிவுல பட்டியல் இருக்கு. பெண்களை பணக் கடன் டிகிரிக்காக கைது பண்ணவே முடியாது. ஆண்களையும் நினைச்ச உடனே பிடிச்சு உள்ள வைக்க முடியாது, வசதி இருந்தும் வேணும்னே ஏமாத்தறாருன்னு காட்டணும், வெறும் வறுமைக்காக ஜெயில்ல போடக் கூடாதுன்னு 1980லயே சுப்ரீம் கோர்ட் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் கேஸ்ல சொல்லியாச்சு. ஆனா இதையெல்லாம் நீங்க வாய்தாவுக்குப் போய் சொன்னாத்தான் கேட்பாங்க.

அப்பா அம்மா வாங்கின கடனுக்கு அவங்க காலத்துக்கு அப்புறம் உங்க மேல இ.பி. வந்தா, அவங்க சொத்து உங்க கைக்கு எவ்வளவு வந்துச்சோ அந்த அளவுக்குத்தான் பொறுப்பு, உங்க சொந்த சம்பாத்தியத்துல இருந்து இல்ல.

வக்கீல் ஃபீஸுக்கு வழி இல்லன்னா தாலுகா, மாவட்ட கோர்ட்ல இருக்கற சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்க, போன்ல 15100. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, மத்தவங்களுக்கு வருமான வரம்பு இருக்கு.

கேஸ் எந்த வழியில முடிஞ்சாலும், ரத்தாகியோ கட்டித் தீர்த்தோ, கட்டினதுன்னா "ஃபுல் சாட்டிஸ்ஃபேக்‌ஷன்", அதாவது முழுசா தீர்ந்ததுன்னு பதிவாயிடுச்சான்னு இ.பி. ஆர்டரோட நகலை வாங்கிப் பாருங்க. நிலத்தையோ வீட்டையோ ஜப்தி பண்ணியிருந்தா ஜப்தி நீங்கின ஆர்டர் சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போய் வில்லங்கச் சான்றுல ஏறிடுச்சான்னு ஒரு மாசம் கழிச்சு போட்டுப் பாருங்க, சம்பளம்னா ஆபீஸ்ல பிடித்தம் நின்னுதான்னு பே ஸ்லிப்ல பாருங்க. எங்க அப்பாவுக்கு டிகிரி ரத்தான அப்புறமும் ஒரு மாசம் பிடிச்சுட்டாங்க, ஆர்டர் நகலை கையோட கொண்டு போய் கொடுத்தப்புறம்தான் அடுத்த சம்பளம் முழுசா வந்துச்சு.